வீட்டை விட்டுப் போகாமலே பாதுகாப்பு கேட்கலாம்

சுய உதவிக் குழு உறுப்பினர்:

எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தங்கையைப் பற்றி எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பனியன் கம்பெனியில் வேலை. சம்பளம் வங்கிக் கணக்கில்தான் ஏறும், ஏ.டி.எம். அட்டையோ கணவர் சட்டைப்பையில். குழுச் சேமிப்புப் பணத்தைச் சில்லறையாக முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். காய்கறிக் காசில் மிச்சம் பிடித்தது. அடி விழும் கதை வெகுநாள் கழித்துத்தான் வெளியே வந்தது.

“குடிக்காத நாளில் நல்லவர்தான் அக்கா” என்பாள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் வன்முறைதான் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்பதோடு மட்டும் நிற்பதில்லை. ஏச்சு, மிரட்டல், பாலியல் கொடுமை, பணத்தை முடக்குவது எல்லாமே அதில் அடங்கும்.

அவளை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது ஒரே பயம்தான்: புகார் கொடுத்தால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள், பிள்ளையோடு எங்கே போவது? பிறந்த வீட்டிலும் “அனுசரித்துப் போ” என்றே திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடிப்பவனிடம் போய் யாராவது அனுசரிக்கச் சொல்கிறார்களா?

பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தோம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கச் சொன்னார்கள். நானும் உடன் போனேன். அந்த அம்மையார் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். வக்கீல் செலவும் இல்லை. இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

வீடு மாமனார் பெயரில் இருந்தது. இருந்தும் அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. மருமகளுக்கு அந்த உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றமும் 2020-இல் தெளிவாக்கியிருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கணவர் திருந்திவிட்டார் என்று சொல்லமாட்டேன். கை ஓங்குவது நின்றிருக்கிறது. அட்டை இப்போது அவளிடம் இருக்கிறது.

செவிலியர்:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். “மாடிப்படியில் விழுந்துவிட்டேன்” என்று கண்ணோரம் வீங்கி வருகிற பெண்ணுக்குப் பதிலாகக் கணவரே பேசினால் எங்களுக்குப் புரிந்துவிடும். அவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, “வீட்டில் யாராவது அடித்தார்களா?” என்று நேராகவே கேட்பேன். சிலர் தலையாட்டுவார்கள். சிலர் அடுத்த முறை வரும்போது சொல்வார்கள்.

அன்றிரவு வீடு திரும்ப அஞ்சுகிறவர்கள் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பிள்ளைகளோடு சில நாட்கள் தங்கலாம். காவல் உதவி, ஆலோசனை, சட்ட உதவி எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே வழிசெய்வார்கள். புகார் கொடுக்க இன்னும் மனம் வராவிட்டாலும், காயம் எப்படி ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதை நம்பகமான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.