ஸ்கோப் மாட்டின .315 ரைபிளை ராத்திரி தோட்டத்துல எப்படித் தூக்கிட்டு நடக்கறது?

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:

வணக்கமுங்க. நமக்குப் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம். தென்னை, ஊடால நிலக்கடலை, ஒரு ஓரத்துல மரவள்ளி. 2022 மே மாசம் காட்டுப்பன்னியைச் சுட உத்தரவு போடற அதிகாரத்தைக் கேரள சர்க்கார் பஞ்சாயத்துத் தலைவருங்களுக்குக் குடுத்ததுல்லங்க, அதுக்கப்புறம் எங்க பஞ்சாயத்துலயும் லைசென்ஸ் துப்பாக்கிக்காரங்க லிஸ்ட் ஒண்ணு எடுத்தாங்க. அதுல நம்ம பேரும் இருக்குது.

கையில இருக்கறது ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .315 ரைபிள். இத்தன காலம் வெறும் இரும்பு சைட்டுதான். மேகசினுக்குக் கொஞ்சம் முன்னால பிடிச்சா எடை ரெண்டு பக்கமும் சமமா நிக்கும், ஒத்தக் கையில தொங்கவிட்டுட்டு எவ்வளவு தூரம் வேணாலும் நடக்கலாம். இப்ப ஸ்கோப், அதான் தூரத்துக் குறியைப் பெருசாக் காட்டற குழாய், மாட்டியாச்சு. அந்தக் குழாய் கரெக்டா அதே எடத்துக்கு மேல வந்து உக்காந்துக்குது, விரலைச் சுத்திப் பிடிக்க எடமே இல்லீங்க. தோள்ல மாட்டினா, மேல் எடை கூடினதால சைடுல உருண்டு உருண்டு முழங்கையை இடிக்குது. கூட வர்ற பையன் ஸ்கோப்பையே கைப்பிடி மாதிரி புடிச்சுத் தூக்கறான், பாத்தாலே பக்குங்குது.

ராத்திரி நேரம். வாய்க்கால் தாண்டணும், கம்பிவேலி தாண்டணும், கூட டார்ச்காரன் ஒருத்தன், நாய் ரெண்டு. நீங்கெல்லாம் எப்படிக் கொண்டு போறீங்க? இன்னொண்ணு, ஸ்கோப்பைத் துப்பாக்கியோட பிடிச்சிருக்கற மவுண்ட்டை ஒருக்கா செக் பண்ணக் கோயமுத்தூர் கொண்டு போலாம்னு இருக்கேன். போலாம்ங்களா?

பழைய_ஹவில்தார்:

தம்பி, நானும் வேலந்தாவளத்துக்காரன்தான். முதல்ல அந்தப் பையன்கிட்ட ஸ்கோப்புல கை வைக்காதேன்னு சொல்லுங்க. ரெண்டு ரிங்கு, நாலஞ்சு சின்னத் திருகு, அம்புட்டுதான் அதைப் பிடிச்சுட்டு இருக்கு. அதுல முழுத் துப்பாக்கி எடையையும் தொங்கவிட்டா ஜீரோ, அதாவது ஸ்கோப்புல வெச்ச குறியும் குண்டு படற எடமும் ஒத்துப்போற அமைப்பு, நகர்ந்துடும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. பன்னி மேல சுடும்போதுதான் தெரியும், நெஞ்சுல படவேண்டியது வயித்துல பட்டு, அடிபட்ட பன்னி மரவள்ளிக்குள்ள போய்ப் படுத்துக்கும். அதைத் தேடிப் போற வேலை யாருக்கும் வரவேண்டாம்.

இனி தூக்கற விஷயம். ஒத்தக் கைப் பிடியை மறந்துடுங்க. ஸ்கோப் வந்தப்பவே அது போச்சு. நடக்கறப்ப வார் போட்டு வலது தோள்ல, குழல் வாய் மேல பார்த்து. மெல்லிசு நாடா வேண்டாம், தோள்ல வர்ற எடம் அகலமா, உள்பக்கம் சொரசொரப்பா இருக்கற வார் வாங்குங்க. வேர்வையிலயும் வழுக்காது. வலது கை வாரை நெஞ்சு உயரத்துல இறுக்கிப் பிடிச்சுக்கணும். கையை விட்டுட்டு நடந்தாத்தான் நீங்க சொல்ற உருட்டல் எல்லாம்.

பன்னி பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சா தோள்ல இருந்து இறக்கி ரெண்டு கையில. வலது கை கட்டையோட கழுத்துல, இடது கை முன்கட்டையில, வாய் இடதுபக்கம் மேலாப்ல. விரல் விசைக்கு வெளிய நீட்டி இருக்கணும்.

எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம்: நடக்கறப்ப சேம்பர், அதான் குழலோட பின்னால தோட்டா உக்கார்ற எடம், காலியா இருக்கணும். மேகசின்ல தோட்டா இருக்கட்டும், போல்ட் அடிச்சு உள்ள ஏத்த வேண்டாம். சேஃப்டி போட்டிருக்கேன்னு சமாதானம் சொல்லாதீங்க. ராத்திரி செடி கொடியில உரசி அது தானா நகர்றதை யாரு பார்க்கப் போறாங்க? பன்னியை அடையாளம் கண்டு, பின்னால மண்ணுதான் இருக்குன்னு உறுதியானப்புறம் போல்ட் தள்ளுங்க. அந்தச் சத்தத்துல ஓடிடும்னு சொல்லுவாங்க. ஓடட்டுமே, நாளைக்கும் வரும்.

அதுலயும் நம்ம சித்தூர் தாலூகா சமதரை. ரைபிள் குண்டு குறி தப்பினா கிலோமீட்டர் கணக்கா போகும், அந்தப் பக்கம் ஒருத்தன் கட்டில் போட்டுத் தோட்டத்துக்குக் காவல் படுத்திருப்பான்.

அப்புறம், தூரத்துல ஏதோ அசையுதுன்னு ஸ்கோப்புல வெச்சுப் பார்க்கற பழக்கம் ஸ்கோப் வாங்கின எல்லாருக்கும் வந்துடுது. கண்ணு போற எடமெல்லாம் துப்பாக்கி வாயும் போகுதே! அது பன்னி இல்லாம கடலைக்குத் தண்ணி விட வந்த ஆளா இருந்தா? தேடறதுக்கு டார்ச், பைனாகுலர். ஸ்கோப்பைக் குறி பார்க்க மட்டும் எடுங்க.

வண்டன்மேடு_ஏலம்:

ஹவில்தார் அண்ணே சொன்னதுல ஒண்ணு மட்டும் எங்க ஊருக்கு ஒத்து வராதுண்ணே. வாய் மேல பார்த்து ஏலக்காட்டுக்குள்ள நடந்து பாருங்க. ஏலத்தட்டை தலைக்கு மேல நிக்கும், அடிக்கு ஒருதரம் குழல் மாட்டும், மாட்டின வேகத்துல தோள்ல இருந்து வார் நழுவும். மழை வேற. வாய் மேல இருந்தா தண்ணி நேரா உள்ளதான போகும்?

நாங்க இடது தோள்ல, வாய் கீழ பார்த்து, விசைப்பக்கம் முன்னால வர்ற மாதிரி போடுவோம். ஸ்கோப் உடம்பு பக்கம் திரும்பிக்கிரும், கிளை கிளையா அடி வாங்காது. இடது கை முன்கட்டையிலயே இருக்கும், ஒரே தூக்குல தோளுக்கு வந்துரும்.

ஆனா இதுலயும் வில்லங்கம் இருக்கு. குனிஞ்சா, உக்காந்தா, சரிவுல இறங்குனா வாய் மண்ணுல குத்தும். குழலுக்குள்ள மண்ணு அடைச்சிருக்கறது தெரியாம சுட்டா குழல் வீங்கும், வெடிக்கக்கூடச் செய்யும். அதனால குழல் வாயில இன்சுலேஷன் டேப் ஒரே சுத்து, மேலாப்ல ஒட்டிருவேன். டேப்போட சுட்டாலும் ஒண்ணும் ஆகாது, மழைத் தண்ணிக்கும் மூடி. குத்திட்டோம்னு சந்தேகம் வந்தா மட்டும் டேப்பை நம்பாதீக. மேகசினை எடுத்துட்டு, போல்ட்டை உருவி, பின்பக்கமிருந்து வெளிச்சம் பார்த்துருங்க. நாய் உள்ள இடத்துல வாய் கீழ வேண்டாம், கால்கிட்டயே சுத்திக்கிட்டு இருக்கும்ல.

பழைய_ஹவில்தார்:

ஏலக்காட்டுக்கு நீங்க சொல்றதுதான் சரி, ஒத்துக்கறேன். தென்னந்தோப்புல தலைக்கு மேல எடம் கெடக்கு, அங்க வாய் மேலதான். நாய் ரெண்டுன்னு வேற எழுதியிருக்கார். தம்பி, நாய்ச் சங்கிலியையும் துப்பாக்கியையும் ஒரே ஆள் பிடிக்கக்கூடாது, அதை டார்ச்காரன் பார்த்துக்கட்டும்.

வேலிக்கு: மேகசினைக் கழட்டிப் பையில போடுங்க, போல்ட்டைத் திறந்து வைங்க. துப்பாக்கியைக் கூட வர்றவர்கிட்டக் குடுத்துட்டு நீங்க தாண்டுங்க, அப்புறம் அவர்கிட்ட இருந்து வாங்கிக்கங்க. தனியா இருந்தா கீழ்க்கம்பிக்கு அடியில வாய் உங்க பக்கம் பார்க்காம முன்னால போகற மாதிரி அந்தப் பக்கம் தள்ளி, ஸ்கோப் மேல பார்க்கப் படுக்க வெச்சுட்டு, அஞ்சாறு அடி தள்ளிப் போய்த் தாண்டி வாங்க. சோலார் வேலின்னா ஆஃப் பண்ணச் சொல்லிட்டு. வாய்க்காலுக்கும் இதே முறைதான். ஈரக் கரையில கால் வழுக்கினா தோள்ல இருக்கற துப்பாக்கி முதல்ல கல்லுல மோதறது ஸ்கோப் பக்கமாத்தான்.

அகளி_ஜீப்:

வண்டியைப் பத்தி யாரும் பேசலையே. அட்டப்பாடி சுரம் ஏறி இறங்கற ஜீப்புல எல்லாத் திருகும் ஆடும். நான் செய்யறது: ரிங்கு திருகு ஒவ்வொண்ணுக்கும் தலையில இருந்து ரிங்கு வரைக்கும் குறுக்கால நகப்பாலிஷ்ல ஒரு கோடு. வீட்டுக்காரியோட சிவப்பு பாட்டில்தான். கோடு உடைஞ்சு தள்ளி நின்னா திருகு நகர்ந்திருக்குன்னு அர்த்தம், மறுபடி முறுக்கி ஜீரோ பார்க்காம வேட்டைக்கு எடுக்க மாட்டேன்.

வண்டியில ஏத்தறப்ப தோட்டா தனி டப்பாவுல, துப்பாக்கி உறையில, ஸ்கோப் மேல் பக்கம். அதுமேல ஒரு பொருள் வைக்கக்கூடாது. 2016 ஆயுத விதிப்படியே பொது இடத்துல உறையில மூடித்தான் கொண்டு போகணும். பைக்ல முதுகுல மாட்டிட்டுப் போறதை நான் ஒத்துக்க மாட்டேன், விழுந்தா முதுகெலும்பும் ஸ்கோப்பும் ஒண்ணா போகும்.

கோயமுத்தூர் போறதுக்கு முன்ன லைசென்ஸ்ல எந்தப் பகுதிக்குச் செல்லும்னு எழுதியிருக்கறதைப் பாருங்க. கேரளம் மட்டும்னு இருந்தா வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டின அந்த நிமிஷமே குத்தம். நமக்குக் காலையில டீ குடிக்கற எடமா இருக்கலாம், துப்பாக்கிக்கு அது வேற மாநிலம்.

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன், கேரளம் மட்டும்தான். கோயமுத்தூர் கேன்சல். நகப்பாலிஷ் கோடு போட்டாச்சு, அகல வாருக்குச் சொல்லிவிட்டிருக்கேன். வாய் மேல பார்த்து வீட்டு வாசல்லயே வெறும் துப்பாக்கியோட நடந்து பார்த்தேன், வாரை இறுக்கிப் பிடிச்சா உருளறதில்லைங்க. பையன்தான் இன்னும் ஸ்கோப்பைப் பார்த்தா கை நீட்டறான். பாலக்காட்டுக்குள்ளயே மவுண்ட் செக் பண்ணித் தர்ற லைசென்ஸ் உள்ள ஆள் இருந்தா சொல்லுங்க.