சூட வாசனை அடிக்கும் மூன்று அலகுப் பேனாக்கத்தி: துரு திரும்பத் திரும்ப வருகிறது, உதவி தேவை

தெப்பக்குளத்தான்:

வணக்கம். பழைய மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் யாராவது இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் மூன்று அலகுப் பேனாக்கத்தி ஒன்று வாங்கினேன். மூடினால் மூன்றரை அங்குலம் இருக்கும். கைப்பிடி ஆமையோடு மாதிரி, தேன் நிறத்தில் கருந்திட்டு. ஒரு முனையில் பெரிய அலகு, மறுமுனையில் இரண்டு சின்ன அலகுகள். பெரிய அலகின் அடியில் "ஷெஃபீல்டு" (கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர்) என்பது மட்டும் படிக்க வருகிறது. மேலே இருந்த பெயர் சாணையில் கரைந்துவிட்டது.

சிக்கல் இதுதான். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எண்ணெய் தடவி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறேன். கொஞ்ச நாளில் திறந்தால் மறுபடி துரு, அதுவும் கைப்பிடியை ஒட்டிய இடத்தில்தான் அதிகம். பித்தளை ஆணிகளில் பச்சைக் களிம்பு. அதே டப்பாவில் இருக்கும் ராணுவ மடக்குக் கத்திக்கும் இப்போது துரு தொற்றிவிட்டது. டப்பாவைத் திறந்தால் பூஜையறை போலச் சூட வாசனை. நான் சூடம் எதுவும் வைக்கவில்லை.

இன்னொன்று. கடைக்காரர் இது ஷெஃபீல்டின் பழைய ராஜர்ஸ் கம்பெனி, சிப்பாய்க் கலகக் காலத்தது என்றார். ஆனால் கத்தி பார்க்கத் தெரிந்த நண்பர் ஒருவர், "பெரிய அலகு முதுகுல இருக்கிற ரெண்டு ஸ்பிரிங் பட்டை மேலயும் உட்கார்ந்திருக்கு, யாரோ மாற்றிப் போட்டது" என்கிறார். யார் சொல்வது சரி?

சாணைக்கல்:

தம்பி, நல்லெண்ணெய் தடவினீர்களா? அது நாள்பட்டால் பிசினாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். புளியின் அமிலம் பழைய இரும்பின் சாம்பல் படிவத்தையும் எடுத்துவிடும், பிறகு துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

தெப்பக்குளத்தான்:

தையல் மெஷின் எண்ணெய்தான் அண்ணே. டப்பாவில் இருக்கும் மற்ற கத்திகளுக்கும் அதே எண்ணெய்தான். அவற்றில் இதற்குப் பக்கத்தில் இருந்தது மட்டும்தான் கெட்டிருக்கிறது.

பழசுப்பெட்டி:

அப்படியானால் எண்ணெயில் குற்றமில்லை, கைப்பிடியில்தான். அது ஆமையோடு இல்லை, செல்லுலாய்டு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி எடுக்கும் நைட்ரோசெல்லுலோஸோடு சூடத்தைச் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக் அது. உங்கள் மூக்குக்கு எட்டியது அந்தச் சூடம்தான்.

பழைய செல்லுலாய்டு நாளாக ஆகச் சிதையும். அப்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு வெளிவரும். காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும், பித்தளையைப் பச்சையாக்குவதும், பக்கத்துக் கத்தியைக் கெடுப்பதும் அதுவே. காற்றுப் புகாத டப்பாவில் அந்த வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கைப்பிடியின் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். நம்ம ஊர் வெயிலில் பரணில் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியது: அந்தக் கத்தியைத் தனியே எடுத்து, காற்றோட்டமான, வெயில் படாத, கொஞ்சம் குளுமையான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ரெக்ஸின் உறையும் வேண்டாம். அட்டைப்பெட்டி போதும், மூடியில் நாலு ஓட்டை போட்டால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஆக்டிவேட்டட் கார்பன் பொட்டலம் ஒன்று வைத்தால் வாயுவில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். அலகுகளை லேசாகத் திறந்து, துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சிதைவை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம்.

முக்கியமாக, சூடான ஊசியால் குத்திச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். எலும்பா பிளாஸ்டிக்கா என்று பார்க்க அப்படிச் செய்வார்கள். செல்லுலாய்டு குப்பென்று பிடித்து எரியும். விளக்கு மாடம், அடுப்பு மேடை, ஜன்னல் வெயில் எதன் பக்கமும் வேண்டாம். கைப்பிடியைத் துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தாலே போதும்.

மேலக்கால்:

ஆமையோடாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அழுங்காமை ஓடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் முதல் அட்டவணையில் வருகிறது, விற்கவோ வாங்கவோ கூடாது. யானைத் தந்தக் கைப்பிடியும் அப்படியே. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிஜ ஓட்டில் திட்டுகள் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். செல்லுலாய்டில் நிறம் கலங்கி ஓடியிருக்கும். கடையில் "தந்தம் சார்" என்று குசுகுசுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பழசுப்பெட்டி:

சரி, இப்போது அலகு விஷயம். உங்கள் நண்பர் பார்த்தது சரி, அதிலிருந்து சொன்னதுதான் தவறு. மூன்று அலகு, இரண்டு ஸ்பிரிங், பெரிய அலகின் அடி தடிமனாக இரண்டு ஸ்பிரிங்கின் மேலும் உட்காருவது, மறுமுனையில் சின்ன அலகுகளுக்கு ஆளுக்கொரு ஸ்பிரிங்: இதுதான் சேகரிப்பவர்கள் விட்லர் என்று சொல்லும் வடிவம். மரம் சீவுகிறவனுக்காகச் செய்தது. அழுத்தி வேலை செய்யும்போது பெரிய அலகு இரண்டு ஸ்பிரிங் பலத்தில் ஆடாமல் நிற்கும். முதுகுப்பக்கம் பாருங்கள், இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு தகடு ஆப்பு மாதிரி சாய்வாக ஓடும். அது இருந்தால் சந்தேகமே இல்லை.

மூன்று அலகு என்றதும் பலரும் ஸ்டாக்மேன் என்று நினைப்பார்கள். அது வேறு கணக்கு. அதில் கூரான பெரிய அலகு, நுனி மழுங்கி நேரான விளிம்புள்ள ஷீப்ஃபுட், கட்டை நுனியுள்ள ஸ்பே. மூன்றும் அமெரிக்க மேய்ச்சல்காரர்களின் தேவைக்கு வந்தவை. ஸ்பே அலகு காளைக்குக் காயடிக்க, அதனால்தான் வேண்டாத இடத்தில் குத்தாமல் இருக்க நுனி மொட்டை. அலங்காநல்லூர்ப் பக்கம் காட்டினால் விளக்கமே வேண்டியதில்லை. நாலு அலகோடு முதுகு உள்ளே குழிந்திருந்தால் காங்கிரஸ். எல்லா அலகும் ஒரே முனையில் என்றால் ஜாக் கத்தி.

மாற்றிப் போட்ட அலகைக் கண்டுபிடிக்க ஸ்பிரிங் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். அலகைத் திறந்தாலும் மூடினாலும் ஸ்பிரிங் கைப்பிடி மட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். நகம் போட்டு இழுக்கும் வெட்டு மூன்றிலும் ஒரே பாணியில் இருக்க வேண்டும். கைப்பிடி முனையிலுள்ள உலோகப் பூணில் ஆணித்தலை பளபளவென்று தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

தெப்பக்குளத்தான்:

பார்த்தேன் அண்ணே. நடுவில் சாய்வுத் தகடு இருக்கிறது. திறந்தால் சமமாக நிற்கிறது. ஒரு சின்ன அலகு மட்டும் மூடும்போது நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது, நகம் கிழிகிறது.

சாணைக்கல்:

அது சாணை வேலை. அலகின் அகலத்தைத் தேய்த்துத் தேய்த்து முனையின் இடம் மாறியிருக்கும். அடியில் உள்ள சின்னப் புடைப்பை அரத்தால் ஒரு முடி அளவு தேய்த்தால் அலகு உள்ளே இறங்கும், ஆனால் கூடிப்போனால் விளிம்பு ஸ்பிரிங்கில் இடித்து மொக்கையாகிவிடும். சேகரிப்புக்கு என்றால் விட்டுவிடுவது மேல். தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கு அவர் ராஜா, இதற்கு அவருடைய சக்கரம் ஆகாது.

கைப்பிடியைக் கழற்றி எலும்போ மரமோ போட்டுவிட்டால் துருத் தொல்லையே போய்விடும் இல்லையா? திருப்பாச்சேத்தியில் தெரிந்த பட்டறை இருக்கிறது.

பழசுப்பெட்டி:

அண்ணே, திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு நான் தலைவணங்குவேன். ஆனால் ஒரு மில்லிமீட்டர் ஆணியை நசுங்காமல் உருவி, மூன்று அலகையும் இழுவை மாறாமல் திரும்பக் கோர்ப்பது வேறு வேலை. செல்லுலாய்டு வெடித்து, வியர்த்து, பிசுபிசுத்தால் அப்போது கழற்றுவது பற்றி யோசிக்கலாம். அதுவரை தொட வேண்டாம்.

வயது பற்றி: சிப்பாய்க் கலகம் 1857. ஹயாட் என்ற கண்டுபிடிப்பாளர் அமெரிக்காவில் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1870. கைப்பிடி மாற்றியதற்கு அடையாளம் இல்லாத கத்தி கலகக் காலத்ததாக இருக்க வழியில்லை. துருப்பிடிக்கிறது என்பதால் மட்டும் மிகப் பழசு என்றும் ஆகாது. பிரியர்லி என்ற உலோகவியலாளர் ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகைக் கண்டது 1913-இல், ஆனால் கார்பன் எஃகுக் கத்திகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. ராஜர்ஸ் என்றால் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் முத்திரையில் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்குப் போலி அந்தக் காலத்திலேயே ஏராளம். முத்திரை தேய்ந்த கத்திக்கு ராஜர்ஸ் விலை கொடுத்திருந்தால், அடுத்த முறை பேரம் பேசுங்கள்.

தெப்பக்குளத்தான்:

நன்றி அண்ணே. கத்தி இப்போது ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், புத்தக அலமாரியில் தனியாக இருக்கிறது. வாசனை குறைவாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் டப்பாவையும் கழுவிக் காயவைத்துவிட்டேன். ராணுவக் கத்தியில் கறுப்புக் கட்டம்போட்ட கைப்பிடி, ஒரு அலகு, டின் திறப்பான், முதுகில் தடித்த ஊசி. அதுவும் செல்லுலாய்டாக இருக்குமோ?

பழசுப்பெட்டி:

தேய்த்துப் பாருங்கள், சூட வாசனை வராவிட்டால் கவலை வேண்டாம். அந்த ஊசி கயிற்று முடிச்சை நெகிழ்த்த. அலகின் அடியில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான முத்திரை. துருவை மெல்லிய ஸ்டீல் ஊலும் (இரும்பு நார்) எண்ணெயும் போட்டு எடுக்கும்போது அம்புக்குறிப் பக்கம் மட்டும் கையை வைக்காதீர்கள்.