புதுப்பிப்பு: ஸ்கஸி-1, 56கே மோடம் வேகக் கணக்கு

வன்தட்டு போன்றவற்றைக் கணினியுடன் இணைக்கும் பழைய முறையான ஸ்கஸி-1 (SCSI-1) இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 5 மெகாபைட். அது, தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 56,000 பிட் வரை பெறும் 56கே மோடத்தைப்போல் 714 மடங்கு என்று முன்பு எழுதியிருந்தேன். ஒவ்வொரு பைட்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் தொடக்க பிட், நிறுத்த பிட் இரண்டையும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 8-க்குப் பதில் 10 பிட் என்று கணக்கிட்டால் 893 வரும் என ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். நல்ல கேள்வி, உட்கார்ந்து பார்த்தேன்.

கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான தொடர் கேபிளில் அந்த 10 பிட் உண்மைதான். ஆனால் வி.42 என்ற மோடம் தரநிலையின் பிழைத்திருத்தம் இயங்கும்போது, மோடம் அந்த இரண்டு பிட்டுகளையும் கழற்றிவிட்டு, எஞ்சியதைச் சட்டகங்கள் எனும் தரவுப் பொதிகளாகக் கட்டித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புகிறது. ஆகவே 8-ஆல் பெருக்குவதே பொருத்தம்: 5 மெகாபைட், அதாவது 4 கோடி பிட்டை 56,000-ஆல் வகுத்தால் 714. சட்டகங்களுக்கான கூடுதல் பிட்டுகளின் சுமை சிறிது உண்டு, அதை விட்டுவிடலாம்.

இந்த வேகக் கணக்கில் கிலோ என்பது 1,000, 1,024 அல்ல. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒரு 1.44 மெகாபைட் பிளாப்பி, அதாவது 14,74,560 பைட், 56கே-யில் இறங்க மூன்றரை நிமிடம் ஆகும்; ஸ்கஸி-1இல் அரை நொடிகூட ஆகாது. 56கே மோடத்தின் தரநிலையான வி.90இல் பதிவேற்ற வேகம் 33.6 கிலோபிட் மட்டுமே என்பதால், அதே பிளாப்பியை அனுப்ப ஏறக்குறைய ஆறு நிமிடம் வேண்டும்.