செயின்சா வலப்பக்கமாக இழுக்கிறது, என்ன செய்யலாம்?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம். விறகுக்கு உடைமரம் அறுக்க 18 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) போட்ட செயின்சா வைத்திருக்கிறேன். புது செயின் மாட்டியதிலிருந்து அறுப்பு நேராக இறங்கவில்லை. பாதித் தடிக்குமேல் வலப்பக்கமாக வளைந்து போய் பார் இறுகிக்கொள்கிறது.

அரம் போட்டதில் கோளாறு என்று சொல்ல முடியாது, செயினை இன்னும் தீட்டவே இல்லை. பாரைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால் காடி (செயின் ஓடுகிற பள்ளம்) அகலம் 1.5 மி.மீ. என்று அடித்திருக்கிறது. செயின் பெட்டியிலோ 1.3. கடைக்காரர், "அதெல்லாம் ஓடும், கொண்டு போங்க" என்கிறார். காடிக்குள் செயினை விரலால் அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறது. அங்கேதான் வில்லங்கம் என்று எனக்குப் படுகிறது. ஆயில் ஒழுங்காக வருகிறது. பார் முனையை அட்டைக்கு நேரே பிடித்து முடுக்கினால் கோடு போட்டதுபோலத் தெறிக்கிறது.

1.5 செயின் வாங்கிப் போட்டால் போதுமா, இல்லை காடியும் தேய்ந்திருக்குமா? தேய்மானத்தை வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? அப்புறம், தென்காசி, பாவூர்சத்திரம் பக்கம் அளவு பார்த்து செயின் வெட்டி ரிவெட் அடித்துத் தருகிற கடை இருந்தால் சொல்லுங்கள். வீட்டை ஒட்டி நிற்கிற தென்னை ஒன்றைச் சாய்க்க வேண்டும். இந்தக் கோணல் அறுப்போடு அதில் கை வைக்கப் பயமாக இருக்கிறது.