நண்பரிடம் விட்டுப்போன நாயைத் திருப்பித் தர மறுக்கிறார், லைசென்ஸ் அவர் பேரில், சட்டப்படி என்ன செய்யலாம்?

யீஷூன் வாசி:

கொஞ்சம் நீளமாக இருக்கும், மன்னிக்கவும். 2021இல் ஒரு மினியேச்சர் ஷ்னாசர் குட்டி வாங்கினேன். சாம்பலும் கறுப்புமாக இருந்ததால் மிளகு என்று பேர் வைத்தேன். கடைக்குப் பணம் கட்டியது நான், பேநவ் (போன்வழிப் பணம் அனுப்பும் வசதி) ரசீது இன்னும் இருக்கிறது. ஆனால் அப்போது இங்கே சிங்கப்பூரில் வாடகை அறையில் இருந்தேன். வீட்டுக்காரர் நாய் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், பேப்பர் எதிலும் தன் முகவரி வரக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டார். அதனால் வேலையிட நண்பர் ஒருவர் தன் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு முகவரியில், தன் பேரிலேயே நாய் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய உதவியாகத்தான் தெரிந்தது.

போன வருடம் தஞ்சாவூரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, சம்பளமில்லா விடுப்பில் ஊருக்குப் போனேன். மிளகை அந்த நண்பரிடம்தான் விட்டேன். ரெண்டு மாதம் என்று நினைத்துப் போனது ஏழு மாதம் ஆகிவிட்டது. முதல் மூன்று மாதம் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பினேன், அப்புறம் ஆஸ்பத்திரிச் செலவில் அனுப்ப முடியவில்லை. இப்போது திரும்பி வந்து கேட்டால், "லைசென்ஸ் என் பேரில், ஏழு மாதம் சோறு போட்டது நான், என் பிள்ளைகள் பழகிட்டாங்க, நீ வேற நாய் வாங்கிக்கோ" என்கிறார். ரெண்டு வாரமாக போனையும் எடுக்கவில்லை.

இது திருட்டு இல்லையா? போலீசுக்குப் போகலாமா? அவர் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ப்ளாக் கீழ்த்தளத்தில் நாயை நடத்துவார். நான் போய்க் கூப்பிட்டால் மிளகு ஓடி வந்துவிடும், அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் என்ன என்று கூடத் தோன்றுகிறது.

கோப்பு அக்கா:

தம்பி, முதலில் அந்த ஒன்பதரை மணி யோசனையை விடுங்கள். அங்கே கைகலப்பு ஆனால் குற்றவாளி நீங்கள். அவருடைய வீட்டுச் சாவி உங்களிடம் இருந்து உள்ளே போனால் அத்துமீறல். இப்போது உங்கள் கையில் இருக்கும் நியாயம் அந்த ஒரு ராத்திரியில் போய்விடும்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் அலுவலகத்தில் பதினாலு வருடம் கோப்பு தூக்கியவள், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு நாய் ஒரு அசையும் பொருள். சைக்கிள், மோதிரம் மாதிரி. கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் உங்கள் கேஸில் அதுதான் உங்களுக்கு உதவும், ஏனென்றால் யார் நல்லா வளர்க்கிறார், நாய் யாரைப் பார்த்தால் வாலாட்டுகிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை. பொருள் யாருடையது என்பதுதான் கேள்வி. விவாகரத்திலும் இதேதான். திருமணம், விவாகரத்து பற்றிய சட்டமான மாதர் சாசனம் 112ஆம் பிரிவில் சொத்தோடு சொத்தாக நாயும் வரும், பிள்ளைகளுக்குப் போல பராமரிப்பு உரிமை என்று தனியாக ஒன்றும் கிடையாது.

திருட்டா என்றால், கஷ்டம். தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவின்படி உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் கைவசத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அதற்கு அடுத்து நம்பிக்கை மோசடி, 405, 406. ஒப்படைத்த பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது. அது பொருந்தலாம், ஆனால் அவர் "எனக்குக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன்" என்று சொன்னால் அந்த நேர்மையின்மையை நிரூபிக்க வேண்டும். புகார் கொடுங்கள், தப்பில்லை, தேதியோடு பதிவாவது இருக்கும். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் "இது சிவில், வக்கீலைப் பாருங்கள்" என்று அவர்கள் சொல்வதே அதிகம், அதற்காக மனசு உடையாதீர்கள்.

உங்கள் உண்மையான வழி சிவில் வழிதான். அடுத்தவர் பொருளைக் கேட்ட பிறகும் தராமல் வைத்திருப்பதற்கு டெட்டினியூ என்று பேர். இதில் முக்கியமான சொல் "கேட்ட பிறகும்". நீங்கள் தெளிவாக, எழுத்தில், ஒரு தேதி போட்டுக் கேட்டிருக்கிறீர்களா? "மச்சி மிளக எப்போ தர" என்பது போதாது. "மிளகு என்னுடைய நாய், இந்தத் தேதி நான் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள மட்டும் விட்டேன், இன்ன தேதிக்குள் திருப்பித் தரவும்" என்று கோபம் இல்லாமல் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அவர் மறுக்கட்டும், இல்லை பேசாமல் இருக்கட்டும். ரெண்டும் உங்களுக்கு ஆதாரம்.

கோப்பி ஓ:

அக்கா சொன்னதுக்கு மேலே ஒன்று. அந்த 378ஆம் பிரிவில் திருட்டுக்கு எடுத்துக்காட்டே ஒரு நாய்தான் தெரியுமா? ஒருத்தன் பையில் நாய்க்கு இரை வைத்துக்கொண்டு, அடுத்தவன் நாயைத் தன் பின்னால் வரவைக்கிறான். எண்ணம் கெட்டதாக இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்த நொடியே திருட்டு முடிந்துவிட்டது. 1860இல் இந்தியாவுக்கு எழுதின சட்டத்தில் இருந்தது, 1871இல் இங்கே வந்தபோது இரையோடும் நாயோடும் அப்படியே வந்துவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் நாயை மளிகைக்கடை வாசலில் கட்டிவிட்டு முட்டை வாங்கிக்கொண்டு வருவதற்குள் காணோம். ரெண்டு நிமிடம்தான். போலீஸ் புகார் கொடுத்தேன், ஏவிஎஸ்ஸுக்கு (நாய் லைசென்ஸ் தரும் அரசுப் பிரிவு) சொன்னேன், சுற்றுவட்டார வெட் (கால்நடை மருத்துவர்) கிளினிக் எல்லாவற்றுக்கும் நாயின் தோலுக்கடியில் இருக்கும் சிப்பின் நம்பரை அனுப்பினேன். ஒன்பதாம் நாள் ஒரு கிளினிக்கில் வேறு ஒருத்தர் நாய்க்கு நகம் வெட்டக் கொண்டுவந்திருக்கிறார், அங்கே சிப்பைப் பார்த்ததும் என் பேர். அவர் சொன்ன கதை, "தெருவில் கண்டெடுத்தேன், யாருடையது என்று தெரியவில்லை". கழுத்தில் பட்டை, தொங்கும் கயிறு, உள்ளே சிப். 403ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. கண்டெடுத்தவர் உரியவருக்காகப் பத்திரமாக வைத்திருந்தால் குற்றமில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் தேடாமல் தனக்கென்று வைத்துக்கொண்டால் குற்றம். சிப் படிக்கும் கருவி எந்த வெட்டிடமும் இருக்கும், அதனால் "தெரியவில்லை" என்று இந்த ஊரில் சொல்வது சுலபம் இல்லை.

அதனால் மற்றவர்களுக்கும் சொல்கிறேன், வீடு மாறினால், நம்பர் மாறினால் ஏவிஎஸ்ஸில் உடனே மாற்றுங்கள். சிப் நம்பர் சரியாக இருந்து போன் நம்பர் பழையது என்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

யீஷூன் வாசி, உங்கள் விஷயத்தில் சிப் அவர் பேரைத்தானே காட்டும்? அதுதான் எனக்கு உதைக்கிறது.

பழைய தேக்கா:

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள், நான் கேட்பது வேறு. ஏழு மாதம் ஒரு வீட்டில் இருந்த நாய். நாலு மாதம் நீங்கள் பணமும் அனுப்பவில்லை. இடையில் வீடியோ காலில் பார்த்தீர்களா, எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா? பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது உங்களுக்கு நியாயமாகப் படுகிறதா? அப்பா முடியாமல் இருந்தார், புரிகிறது. ஆனால் அந்த மனுசனும் ஏழு மாதம் காலையும் ராத்திரியும் நடத்தியிருக்கிறார். முதலில் பொய் முகவரியில் லைசென்ஸ் எடுத்தது யார்?

கோப்பு அக்கா:

பழைய தேக்கா அண்ணே, கோபமாகச் சொன்னாலும் கடைசி வரி சரிதான், அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

லைசென்ஸ் என்பது சொத்துப் பத்திரம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், சிப் கட்டாயம், எல்லாமே வெறிநோய் தடுப்புக்கும் நாய்க்கு யார் பொறுப்பு என்று தெரிவதற்கும். அதனால் லைசென்ஸ் அவர் பேரில் இருப்பது பலமான ஆதாரம், ஆனால் அதோடு கதை முடிவதில்லை. கடை ரசீது, வெட் பில், தடுப்பூசி அட்டை, க்ரூமிங் ரசீது, மூன்று வருடத்துப் படங்கள், இவை எல்லாம் எதிர்த்தட்டில் ஏறும்.

ஆனால் தம்பி, ஏன் அவர் பேரில் எடுத்தீர்கள் என்ற கேள்வி முதல் நாளே வரும். மறைக்காதீர்கள். நாய் இருக்கும் முகவரியும் லைசென்ஸ் முகவரியும் வேறு வேறாக இருந்தது தப்புதான், அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் வாயிலிருந்து அது வந்தால் நீங்கள் சொல்லும் மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிடும். அவரும் அதில் பங்காளிதான் என்பது அவருக்கும் தெரியும், அதனால் அவரும் இதை ரொம்பக் கிளற மாட்டார் என்பது என் கணிப்பு.

ஏழு மாதச் சோறு: செலவை அவர் கேட்கலாம், கொடுப்பதுதான் மரியாதையும். ஆனால் சோறு போட்டதால் மட்டும் நாய் அவருடையது ஆகிவிடாது. நாய் ஹோட்டலில் விட்டால் அந்த ஹோட்டலுக்கு நாய் சொந்தமாகிவிடுமா? நீங்கள் விட்டுக்கொடுத்ததாக, அதாவது பரிசாகக் கொடுத்ததாக அவர் காட்டினால்தான் ஆட்டம் மாறும். அதனால் நீங்கள் ஊரிலிருந்து அனுப்பின மெசேஜ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படியுங்கள். "நீயே வெச்சுக்கோடா" என்று விரக்தியில் எங்கேயாவது எழுதியிருந்தால் அது அவருடைய துருப்புச் சீட்டு.

எங்கே போவது என்று கேட்பீர்கள். நிறையப் பேர் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் என்று சொல்வார்கள், 20,000 வெள்ளி வரை, ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000, வக்கீல் வேண்டாம், எல்லாம் சரி. ஆனால் அது பொருள் விற்பனை, சேவை ஒப்பந்தம், பொருளுக்கு வந்த சேதம், குறுகியகால வீட்டு வாடகை ஒப்பந்தம் மாதிரி விஷயங்களுக்கு. கடைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு நாய் தரவில்லை என்றால் அங்கே போகலாம். நண்பரிடம் விட்ட நாயைத் திரும்பக் கேட்பது அதில் அடங்காது. நீங்கள் போக வேண்டியது மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 60,000 வெள்ளி வரையான வழக்குகள். நாயையே திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம், ஆனால் நீதிமன்றம் நினைத்தால் "அதன் விலையைக் கொடு" என்று சொல்லி முடித்துவிடவும் முடியும். ஆறு வருடம் வரை கெடு இருக்கிறது என்று ஆறப்போடாதீர்கள், நாய்க்கு அவ்வளவு ஆயுசு இருக்கிறதா பாருங்கள்.

வக்கீல் செலவு மிளகின் விலையைச் சுலபமாகத் தாண்டும். அதனால் அதற்கு முன்னால் சமூக சமரச நிலையம். சட்ட அமைச்சின் கீழ் வருவது, 1998இலிருந்து நடக்கிறது. அக்கம்பக்கச் சண்டைக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், நண்பர்கள், குடும்பம் எல்லாவற்றுக்கும் உண்டு. நடுவில் உட்காருபவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், ரெண்டு பேரையும் பேச வைப்பார். உங்கள் நண்பர் வர ஒத்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் சிக்கல்.

யீஷூன் வாசி:

அக்கா, நன்றி. பழைய தேக்கா அண்ணே, நீங்கள் கேட்டது குத்தியது. வீடியோ காலில் வாரம் ஒருமுறை பார்த்தேன், கடைசி ரெண்டு மாதம் அவரே எடுப்பதை நிறுத்திவிட்டார். பணம் அனுப்பாதது என் தப்பு, கணக்குப் போட்டு முழுசாகக் கொடுக்கத் தயார்.

நேற்று ராத்திரி ஒரு மணி வரை பழைய மெசேஜ் எல்லாம் படித்தேன். "வெச்சுக்கோ" என்று எங்கேயும் எழுதவில்லை, நல்லவேளை. ஆனால் இன்னொன்று கிடைத்தது. நான் விமானம் ஏறின அன்று அவர் அனுப்பியது: "அப்பாவ பாரு, மிளக நான் பாத்துக்கறேன், நீ வந்ததும் தூக்கிட்டுப் போ." படித்ததும் ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் அழுகை. அப்படிப் பேசின மனுசன்.

ஒரு பயம். பொது நண்பர் ஒருவர் சொல்கிறார், இவர் நாயை வேறு யாருக்கோ கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். கொடுத்துவிட்டால் போச்சா? இதை ஃபேஸ்புக்கில் அவர் படத்தோடு போட்டுவிடலாமா என்று என் தங்கை கேட்கிறாள்.

கோப்பி ஓ:

தங்கையைத் தடுத்து நிறுத்துங்கள்! படம், பேர், ப்ளாக் நம்பர் போட்டு "நாய் திருடன்" என்று எழுதினால் அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போடலாம், அது மட்டுமில்லை, தொல்லை தரும் எண்ணத்தோடு ஒருவருடைய அடையாள விவரத்தைப் பரப்புவது 2020இலிருந்து குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். என் நாய் காணாமல் போனபோது நான் நாயின் படத்தை மட்டும் போட்டேன், கொண்டுபோனவர் யாரென்று தெரிந்த பிறகும் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கை அரித்தது, அது வேறு.

கோப்பு அக்கா:

அந்த ஒரு வரிதான் தம்பி உங்கள் வழக்கு. லைசென்ஸை விடப் பெரியது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டி ஒட்டாதீர்கள். உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வேறு இடத்திலும் சேமியுங்கள், அந்த போனைத் தொலைக்காதீர்கள், விற்காதீர்கள்.

வேறு யாருக்காவது கொடுத்தால்: தன்னுடையது அல்லாததை ஒருவர் விற்றால் வாங்கினவருக்கு உரிமை போய்ச் சேராது என்பதுதான் பொது விதி. அதில் விலக்குகள் உண்டு, கைமாறினால் இழுபறியும் ரெண்டு மடங்கு ஆகும். அதனால் இன்றைக்கே அனுப்பும் கடிதத்தில் "யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ லைசென்ஸ் மாற்றவோ கூடாது" என்று ஒரு வரி சேருங்கள். அதே கடிதத்தில் ஏழு மாதச் செலவைக் கொடுக்கத் தயார் என்றும், பிள்ளைகள் வந்து பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். பழைய தேக்கா அண்ணனுக்காகச் சொல்லவில்லை, நாளைக்கு ஒரு மாஜிஸ்திரேட் படித்தாலும் உங்களை நல்ல மனுசன் என்று நினைக்க வேண்டும். அதற்கும் மீறி அவர் நாயைக் கைமாற்றப் போகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் தடையுத்தரவு கேட்கலாம், அதற்கு வக்கீல் இல்லாமல் ரொம்பக் கஷ்டம்.

நீங்கள் நிரந்தரவாசி என்றால் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிவு செய்யுங்கள், ப்ரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்துவது. இருபது நிமிடம்தான் தருவார்கள், அதனால் அப்பா கதையை எல்லாம் சொல்லி நேரத்தைக் கரைக்காதீர்கள், தேதிவாரியாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள், அந்த மெசேஜ் மேலே இருக்கட்டும்.

பழைய தேக்கா:

அவர் எழுதின அந்த வரியைப் பார்த்த பிறகு நான் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். தூக்கிட்டுப் போ என்று சொன்னவர் தூக்கிக் கொடுக்கத்தான் வேண்டும். வேண்டுமானால் அந்த மெசேஜை அவருக்கே திருப்பி அனுப்புங்கள், கூட ஒரு வார்த்தையும் எழுதாமல்.

யீஷூன் வாசி:

அண்ணே சொன்ன மாதிரி அனுப்பினேன், கடிதமும் இன்று காலை பதிவுத் தபாலில் போய்விட்டது. ரெண்டு நீல டிக் வந்து நாலு மணி நேரம் ஒன்றும் இல்லை. இப்போதுதான் அவர் மனைவி கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு முடியும் வரை இருக்கட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசலாம், சமரச நிலையம் என்றாலும் வருகிறோம் என்றார்கள். சரி என்றேன், அதையே எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். லைசென்ஸை என் பேருக்கு மாற்ற இப்போதிருக்கும் வீட்டுக்காரரிடம் இன்றைக்குப் பேச வேண்டும்.