புதுப்பிப்பு: ஆய்வகத்தில் விடைபெற்றாயிற்று

வெளிநாட்டு ஆய்வு ஆண்டு முடிகிறது, எப்படி விடைபெறுவது என்று முன்பு கேட்டிருந்தேன். விருந்தைவிட ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவதே நல்லது என்றீர்கள். அப்படியே செய்தேன், நிறைவாக இருந்தது.

பேராசிரியரிடம் நன்றி சொல்லப் போனபோதே, பாதியில் நிற்கும் கட்டுரையின் ஆசிரியர் பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதையும் பேசி முடித்தோம். நேரில் சட்டென்று தீர்வது, கிளம்பிவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். மாதிரிகள் உறைபெட்டியில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று அடுத்து வரும் மாணவிக்குக் காட்டினேன். பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படும் என்பதால், ஆர்கிட் (ORCID, ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க எண்) கணக்கில் சொந்த முகவரியைச் சேர்த்தாயிற்று. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கண் கலங்கியது கருவிக்கூடத்து அண்ணனிடம்தான். எனக்குக் கருவிகளைக் கற்றுக்கொடுத்தவரே அவர். கட்டுரையின் நன்றிப் பகுதியில் உங்கள் பெயரைச் சேர்க்கலாமா என்றேன். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை என்றார். கிளம்பும் முன் நீங்களும் அப்படி ஒருவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்.