மறுமொழி: காம்பாக்டிஃபிகேஷன் – சுருட்டலா, மூட்டலா?

நண்பர்களுக்கு,

இயற்பியல் சொற்களைத் தமிழாக்கும் நம் விவாதத்தில், 'எக்ஸ்ட்ரா டைமென்ஷன்' (நீளம், அகலம், உயரம், காலம் நான்கையும் தாண்டிய திசை) என்பதற்குக் 'கூடுதல் பரிமாணம்' என்றே வைத்துக்கொள்வோம், இனிச் சண்டை வேண்டாம். 'மிகை', 'உபரி' இரண்டுமே வேண்டாத பொருளைச் சொல்வது போல ஒலிக்கின்றன. (அதைப் 'பரிணாமம்' என்று தட்டச்சு செய்பவர்களை மட்டும் மன்னிக்க மாட்டேன். அது டார்வினுடையது.) என் கவலை காம்பாக்டிஃபிகேஷன்: அந்தக் கூடுதல் திசை முடிவின்றி நீளாமல் தன்னிடமே திரும்பி மூடிக்கொள்வது.

> 'சுருட்டல்' போதுமே ஐயா, எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. ஒரு பாயைச் சுருட்டிப் பாருங்கள். உள்ளே ஓர் ஓரம், வெளியே ஓர் ஓரம். எத்தனை சுற்றுச் சுருட்டினாலும் இரண்டும் சேர்வதே இல்லை. நம் விஷயம் அப்படியல்ல. 1919இல் ஜெர்மன் கணிதவியலாளர் கலூசா ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் (அச்சேற 1921 ஆகிவிட்டது) ஐந்தாவது திசை ஒன்றைச் சேர்த்ததும் ஈர்ப்பும் மின்காந்தமும் ஒரே சட்டகத்தில் அடங்கின. அந்தத் திசை ஏன் தெரிவதில்லை? அதைச் சார்ந்து எதுவும் மாறாது என்று ஒரு நிபந்தனை போட்டு அவர் நகர்ந்துவிட்டார். காரணம் சொன்னவர் 1926இல் ஸ்வீடன் இயற்பியலாளர் ஆஸ்கர் க்ளைன். அத்திசையில் நேராகப் போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். முழுச் சுற்றும் சுமார் 10⁻³⁰ செ.மீ. தான். மூடிய வட்டத்தில் அலைகள் முழு எண் கணக்கில்தான் பொருந்தும் என்பதால், மின்னூட்டம் ஏன் துண்டு துண்டாக வருகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. ஓரம் சேராத சுருளில் இந்த வாதமே நிற்காது.

ஓரம் சேர்ப்பதற்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. கடையில் வாங்கிய கைலியை அப்படியே கட்டுவதில்லை. தையல்காரரிடம் கொடுத்து மூட்டுவோம். மூட்டிய பிறகு சுற்றுவட்டத்தில் துணிக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே என் பரிந்துரை: மூட்டல், மூட்டிய பரிமாணம், மூட்டாப் பரிமாணம், மூட்டளவு (மூட்டிய பரிமாணத்தின் அளவு).

> மூட்டுவலி ஞாபகம் வருகிறதே!

வரட்டும், தீ மூட்டுவதும் வரும். 'விசை' என்றால் சுவிட்சும்தான். அதனால் நியூட்டன் விதியில் யாரும் குழம்பவில்லையே.

> 'கச்சிதமாக்கல்'? இல்லாவிட்டால் 'குறுக்கல்'?

கச்சிதம் என்றால் நமக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. குறுக்கல் இன்னும் மோசம், ஏனென்றால் மூடியிருப்பதும் சிறியதாயிருப்பதும் ஒன்றல்ல. 1998இல் ஆர்க்கானி-ஹமேத், டிமோபோலஸ், ட்வாலி என்ற இயற்பியலாளர்கள் மூவரும் இப்படிப்பட்ட பரிமாணம் ஒரு மில்லிமீட்டர் அளவுவரைகூட இருக்கலாம் என்றார்கள். அப்படி இருந்தால் அந்தத் தூரத்துக்குள் ஈர்ப்பு விதி மாற வேண்டும்; ஆனால் அதுவரை அவ்வளவு குறுகிய தூரத்தில் ஈர்ப்பு விசையை யாரும் சரியாக அளந்ததில்லை. அப்புறம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்குத் தராசு (மெல்லிய இழையில் தொங்கும் எடை திரும்புவதை வைத்து விசையை அளக்கும் கருவி) வைத்து அளக்க ஆரம்பித்தார்கள். 2020இல் 52 மைக்ரோமீட்டர் தூரம்வரை நெருங்கிப் பார்த்தும் நியூட்டனின் இருமடி எதிர்த்தகவு விதி (தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும்) பிசகவில்லை. அதன்படி, மிகப் பெரிய மூட்டிய பரிமாணத்தின் ஆரம்கூட 30 மைக்ரோமீட்டரைத் தாண்டாது. இதைத் தமிழில் எழுதும்போது 'குறுக்கிய பரிமாணம் பெரியது' என்றா எழுதுவது? 'மூட்டளவு பெரியது' என்றால் சிக்கலே இல்லை.

> ராண்டல்–சுந்தரம் மாதிரியில் வட்டமே இல்லையே, அங்கே என்ன செய்வீர்கள்?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். 1999இல் இயற்பியலாளர்கள் லிசா ராண்டலும் ராமன் சுந்தரமும் எழுதிய முதல் கட்டுரையில் ஐந்தாம் பரிமாணம் இரு முனை உள்ள துண்டு. முனைக்கு ஒரு பிரேன், அதாவது நம் உலகம் போன்ற ஒன்று ஒட்டியிருக்கக்கூடிய சவ்வு. ஆனால் அந்தத் துண்டு கிடைப்பது வட்டத்தைப் பாதியாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்று படியும் புள்ளிகளை ஒன்றாகக் கொள்வதால். மூட்டிய கைலியைத் தட்டையாக மடித்து இஸ்திரி போடுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று. இரு ஓரத்திலும் ஒவ்வொரு மடிப்புக்கோடு. பிரேன்கள் உட்கார்ந்திருப்பது அங்கேதான். இதை 'மடித்த பரிமாணம்' என்போம். அதே ஆண்டு வந்த இரண்டாம் கட்டுரையில் பரிமாணம் முடிவின்றி நீள்கிறது. அது மூட்டாப் பரிமாணம். 'சுருண்ட' என்று சொல்லியிருந்தால் இங்கே மாட்டிக்கொண்டிருப்போம்.

பிரேனுக்குச் 'சவ்வு' போதும் என்பது என் கட்சி. மெம்பிரேன் என்பதன் தலையை வெட்டி அவர்கள் பிரேன் ஆக்கினார்கள் என்பதற்காக நாமும் வெட்டினால் 'வ்வு'தான் மிஞ்சும்.

சரக் கோட்பாடு (துகள்களை அதிரும் நுண்ணிய இழைகளாகக் கருதுவது) கேட்கும் ஆறு கூடுதல் பரிமாணங்களை, அதாவது அவை மூடிக்கொள்ளும் சிக்கலான வடிவமான காலபி–யாவ் வெளியை, அடுத்த மடலில் பார்ப்போம். அதை மூட்டித் தர எந்தத் தையல்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.